வெண்டிலேட்டரில் ‘ப்ரஷரைக் கூட்டுங்கள்’ என்று கேட்பதற்கு முன்

இஷா தொழுகை முடித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம். சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் நம் ஜமாஅத் தம்பி ஒருவர் பெங்களூரிலிருந்து போன் செய்தார். அவருடைய அத்தாவுக்கு நிமோனியா முற்றி, அங்கே ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் வெண்டிலேட்டர் பொருத்தி மூன்று நாள் ஆகியிருந்தது.

“ஹஜ்ரத், ஆக்ஸிஜன் 89 தான் காட்டுது. மெஷின்ல ப்ரஷர் 28ன்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் கூட்டுங்கன்னு சொன்னா டாக்டர் மாட்டேங்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்க” என்றார். பாதி அழுகை, பாதி கோபம்.

மறுநாள் காலை அத்திப்பள்ளி தாண்டிப் போனேன். உண்மையைச் சொன்னால், போகும் வழியெல்லாம் என் மனமும் அந்தத் தம்பியின் பக்கம்தான் இருந்தது. மூச்சு போதவில்லை என்றால் காற்றைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை? அங்கிருந்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துக் கால் மணி நேரம் விளக்கினார். அதன் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் இதே கண்ணாடிக் கதவுக்கு வெளியே இதே கேள்வியோடு நிற்கின்றன.

முதலில் அந்த 28 என்ற எண். தம்பி வேலை பார்க்கும் இடத்தில் கம்ப்ரசர் உண்டு. பைக் டயருக்குக் காற்று பிடிக்கும்போது 30 பி.எஸ்.ஐ. வைப்பதும் அவருக்குப் பழக்கம். அதனால் 28 என்றதும் ‘டயருக்கு அடிக்கிற அளவுகூட இல்லையே’ என்று நினைத்துவிட்டார். வெண்டிலேட்டரின் அளவு பி.எஸ்.ஐ. அல்ல, தண்ணீரின் உயரம். 28 என்றால் 28 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். ஒரு வாளித் தண்ணீரில் பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்கு ஒரு குழாயை இறக்கி, அடிமுனையில் குமிழி வரும்வரை ஊதிப் பாருங்கள். அந்த அழுத்தம்தான் ஏறக்குறைய 30. பி.எஸ்.ஐ. கணக்கில் அது அரைக்கும் குறைவு. பைக் டயரின் 30 இதைப் போல் எழுபது மடங்கு. நுரையீரல் டயர் அல்ல. சுமார் 30 கோடி முதல் 50 கோடி வரை மெல்லிய காற்றுச் சிற்றறைகள் சேர்ந்த ஒரு பஞ்சு.

நிமோனியா, இரத்தத்தில் பரவிய கிருமி, கோவிட் போன்றவை முற்றும்போது அந்தச் சிற்றறைகளின் சுவர் வீங்கி, நீர் கசிந்து உள்ளே தேங்குகிறது. இந்த நிலையை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள். 1967ல் 12 நோயாளிகளைப் பார்த்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையில்தான் இது தனி நோயாக முதலில் விவரிக்கப்பட்டது. நுரையீரல் முழுவதும் கெட்டியாகி விறைத்துவிடுகிறது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 1980களில் இத்தாலியைச் சேர்ந்த டாக்டர் லூசியானோ கட்டினோனி, சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. பெரும்பகுதி நீரால் அடைபட்டுக் கிடக்கிறது. மிச்சமிருக்கும் சிறு பகுதி ஓரளவு நன்றாகவே இருக்கிறது. அந்த நல்ல பகுதியின் கொள்ளளவு ஐந்தாறு வயதுப் பிள்ளையின் நுரையீரல் அளவுதான். ‘குழந்தை நுரையீரல்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இப்போது தம்பியின் கோரிக்கையை மறுபடி பாருங்கள். 58 வயது ஆளின் உடம்புக்குள் வேலை செய்வது ஒரு சிறுபிள்ளையின் நுரையீரல். பெரிய ஆளுக்கான காற்றை அழுத்தி அனுப்பினால் அது அடைபட்ட பகுதிக்குப் போகாது. எங்கே வழி திறந்திருக்கிறதோ அங்கேயே போய், இருக்கிற நல்ல சிற்றறைகளை ஊதிக் கிழிக்கும். கிழிந்த இடத்திலிருந்து காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்தால் அவசரமாகக் குழாய் போட வேண்டி வரும். கண்ணுக்குத் தெரியாத கிழிசல்களும் வீக்கத்தைக் கூட்டிச் சிறுநீரகம், ஈரல் என்று மற்ற உறுப்புகளையும் பாதிக்கும்.

இது ஒரு டாக்டரின் சொந்தக் கருத்தல்ல. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு வெளியானது. ஒரு பிரிவினருக்கு அன்றைய வழக்கப்படி பெரிய மூச்சு: உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லி. மற்றப் பிரிவினருக்கு அதில் பாதி, 6 மில்லி. சிற்றறையில் தங்கும் அழுத்தமும் 30ஐத் தாண்டக் கூடாது. பெரிய மூச்சு பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். சிறிய மூச்சு பெற்றவர்களில் 31 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதில் என்னை உலுக்கியது இன்னொரு விவரம். ஆரம்ப நாட்களில் பெரிய மூச்சு பெற்றவர்களுக்குத்தான் ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருந்தது! திரையில் நல்ல எண் காட்டிய பிரிவில் மரணம் அதிகம். அந்த ஆய்வில் ஆக்ஸிஜன் 88 முதல் 95 வரை இருந்தால் போதும் என்றே இலக்கு வைத்திருந்தார்கள். தம்பி பயந்துபோன 89 அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

‘எடைக் கணக்கு’ என்றதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தராசில் காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. ஆள் குண்டானாலும் நுரையீரல் வளர்வதில்லை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்குக் கணக்கு எடை சுமார் 61 கிலோ. ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 370 மில்லி. அவர் 90 கிலோ இருந்தாலும் அதே 370தான். ஐசியுவில் டேப் வைத்து நோயாளியின் உயரத்தை அளப்பதைப் பார்த்து, ‘கஃபனுக்கு அளவெடுக்கிறார்களோ’ என்று ஒரு குடும்பத்துப் பெண்கள் அலறியதை அந்த டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னார். அளந்தது மூச்சின் அளவை முடிவு செய்ய.

சரி, அடைபட்ட சிற்றறைகளை அப்படியே விட்டுவிடுவதா? அதற்குத்தான் ‘பீப்’ என்ற இன்னொரு அழுத்தம். பலூன் ஊதும்போது முதல் ஊதல்தான் கஷ்டம். கொஞ்சம் காற்று உள்ளே நின்றுவிட்டால் அடுத்தது சுலபம். அதுபோல, மூச்சு வெளியேறி முடிந்த பிறகும் சிறிது அழுத்தத்தை உள்ளே நிறுத்தி வைத்தால் சிற்றறைகள் மூடிக்கொள்ளாது. 5 என்பது குறைந்த பீப். நோய் கடுமையாக இருந்தால் 10, 15 என்று ஏற்றுவார்கள். இதிலும் ‘கூடக் கூட நல்லது’ கிடையாது. அளவு மீறினால் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய இரத்தக் குழாய்கள் நசுங்கி இரத்த அழுத்தம் விழும். 2017ல் பிரேசில் தலைமையில் 1,010 பேரிடம் நடந்த ஆய்வில், அழுத்தத்தை வேகமாக ஏற்றி நுரையீரலைத் திறந்து, பிறகு பீப்பையும் உயரத்தில் வைத்தார்கள். அந்தப் பிரிவில் 55.3 சதவீதம் பேர் இறந்தார்கள், வழக்கமான பிரிவில் 49.3. மேல் அழுத்தத்துக்கும் பீப்புக்கும் உள்ள இடைவெளி 15க்குள் இருக்கிறதா என்றும் இன்று பார்க்கிறார்கள்.

திரையில் சட்டென்று 40, 45 என்று எண் ஏறி அலாரம் அடிக்கும். குடும்பத்தார் பதறுவார்கள். அது பெரும்பாலும் குழாயில் சளி அடைத்ததாலோ, நோயாளி இருமியதாலோ, குழாய் மடங்கியதாலோ இருக்கும். அந்த உச்ச எண்ணும் சிற்றறைக்குள் இருக்கும் அழுத்தமும் ஒன்றல்ல. மூச்சை ஒரு நொடி நிறுத்திவைத்துத்தான் உள்ளழுத்தத்தை அளப்பார்கள். அதைத்தான் 30க்குள் வைக்க வேண்டும்.

அன்று டாக்டரம்மா எங்களிடம் சம்மதம் கேட்டது வேறொன்றுக்கு. நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும், தினமும் 16 மணி நேரம். தம்பியின் மாமா உடனே மறுத்தார். “குப்புறப் படுக்கறதை மார்க்கம் வெறுக்குது இல்லையா ஹஜ்ரத்?” என்று என்னைப் பார்த்தார். கேட்டதில் தவறில்லை, அப்படி ஹதீஸ் இருக்கிறது. ஆனால் அது நல்ல நிலையில் இருப்பவர் உறங்கும் முறையைப் பற்றியது. சிகிச்சைக்காக ஒருவரை அப்படிக் கிடத்துவது வேறு. நிர்ப்பந்தத்தின் சட்டம் வேறு. அதைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார். முதுகுப் பக்கம் நீரில் அமுங்கிக் கிடக்கும் நுரையீரல், குப்புறப் போட்டால் விடுபட்டுத் திறக்கிறது. 2013ல் பிரான்சிலிருந்து வெளியான ஆய்வில் 466 கடுமையான நோயாளிகளில், மல்லாந்து படுத்தவர்களில் 32.8 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். குப்புறப் படுத்தவர்களில் 16 சதவீதம்.

இதே மெஷின் இன்னொரு வகை நோயாளிக்கும் பயன்படுகிறது. நம் பக்கம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி கிராமங்களில் தரையில் படுத்துறங்குபவர்களைக் கட்டுவிரியன் இரவில் கடித்துவிடும். அதன் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. நுரையீரல் ஆரோக்கியமாகவே இருக்கும். அவருக்கு அதிக அழுத்தமே தேவைப்படாது. விஷம் இறங்கும்வரை மெஷின் மூச்சு விட்டுக் கொடுத்தால் போதும். பக்கத்துப் படுக்கையில் பீப் 14, இவருக்கு 5 என்றால் கவனிப்பில் பாரபட்சம் என்று அர்த்தமில்லை. கட்டுவிரியன் கடித்தவரின் கண் திறக்காது, கருவிழி அசையாது, கிள்ளினாலும் அசைவிருக்காது. மூளை இறந்தவர் போலவே தெரிவார். ஆனால் உள்ளே நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருக்கக்கூடும். அப்படிக் கிடந்து எழுந்து வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. படுக்கையருகே நின்று ஜனாஸா ஏற்பாடு பேசாதீர்கள்.

‘மெஷினை எடுக்கலாமா?’ என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 1986ல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் செயல்பாடு முழுவதும் நின்று, அது இனித் திரும்பாது என்று நிபுணர்கள் உறுதி செய்த பிறகு உயிர்காக்கும் கருவிகளை அகற்றலாம் என்று முடிவெடுத்தது. மேலே சொன்ன ஏ.ஆர்.டி.எஸ். நோயாளி அந்த நிலையில் இல்லை. அவர் அசையாமல் கிடப்பது மயக்க மருந்தால். மெஷினோடு மல்லுக்கட்டி மூச்சிழுத்தால் நுரையீரல் இன்னும் கிழியும் என்பதற்காகவே அந்த மருந்து. குணமாகத் தொடங்கியதும் மருந்தைக் குறைத்து, அவராகவே மூச்சு விடுகிறாரா என்று சோதிப்பார்கள். ‘இன்னைக்கு மெஷினை எடுத்துப் பார்க்கிறோம்’ என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு வாசலில் யாசீன் ஓத ஆரம்பித்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வந்தது நல்ல செய்தி!

மருத்துவமனைகள் மேல் நம் மக்களுக்கு இருக்கும் சந்தேகத்தை நான் குறை சொல்லவில்லை. 2002ல் வந்த ‘ரமணா’ படக் காட்சி இன்னும் எல்லோர் மனதிலும் இருக்கிறது. காரணமே இல்லாமல் அது நிலைக்கவில்லை. பில்லைக் கேளுங்கள், தினசரி விவரம் கேளுங்கள். ‘உள்ளழுத்தம் 30க்குள் இருக்கிறதா? உயரத்தை அளந்துதான் மூச்சளவு வைத்தீர்களா? குப்புறப் படுக்க வைக்கும் நிலை இருக்கிறதா?’ என்று கேளுங்கள். அக்கறையுள்ள டாக்டர் இதற்குக் கோபப்படமாட்டார். அழுத்தத்தைக் கூட்டச் சொல்லி மட்டும் நிர்ப்பந்திக்காதீர்கள். குறைத்து வைப்பதால் மருத்துவமனைக்கு லாபம் ஒன்றும் இல்லை.

அந்த அத்தாவுக்குப் பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் கரகரத்து, கால்கள் குச்சியாகி, ஓசூர் வீட்டுக்கு வந்தார். தசை தேறவும் மூச்சு சீராகவும் மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். பள்ளிவாசல் படி ஏறுவதற்கு இன்னும் சில வாரம் ஆகும், இன்ஷா அல்லாஹ்.