நீச்சலும் கூந்தலும்

ஆற்றோரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். மழைக்காலத்தில் பெருகிவரும் ஆறும், தூர்க்கப்படாமல் கிடக்கும் பழைய ஈயக்குட்டையும் பிள்ளைகளைப் பலிகொண்ட துயரச் செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே, நீந்தக் கற்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. உயிர்காக்கும் பயிற்சியும் ஆகும். ஆயினும் நம் பெண்பிள்ளைகள் சிலர் பயிற்சி தொடங்கிய சில மாதங்களிலேயே நின்றுவிடுகின்றனர். “முடி செம்பட்டையாகிறது, கொட்டுகிறது, கடைசியில் வெட்டிவிட வேண்டியதுதான்” என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவதும் இதற்கு ஒரு காரணம். இவ்வச்சம் எந்த அளவிற்கு உண்மை என்பதை ஆராய்வோம்.

குளத்து நீர் செய்வது என்ன?

பொது நீச்சல் குளங்களில் நோய்க்கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. இது நம் நலனுக்கு இன்றியமையாதது. ஆனால், முடியை அது விட்டுவைப்பதில்லை.

தோலுக்கு வெளியே நாம் காணும் முடி கெராட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற பொருள். வீட்டுக் கூரையின் ஓடுகளைப் போல நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதனை மூடியுள்ளன. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை அச்செதில்களுக்குக் காப்பாக விளங்குகிறது. அடிக்கடி நீந்துவோரின் முடியில் இப்பசையைக் குளோரின் போக்கிவிடுகிறது. புரதத்தையும் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. செதில்கள் மேலெழும்புவதால் முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழுகிறது, நுனி பிளவுபடுகிறது. முடிக்குக் கருமை தரும் நிறமியும் வெளுப்பதால் செம்பட்டை தோன்றுகிறது. வெயிலும் சேர்ந்துகொண்டால் இம்மாற்றம் விரைவாகும்.

எனினும், குளத்து நீர் கெடுப்பது முடியின் தண்டையே. தோலுக்குள் இருக்கும் வேரை அன்று. நீந்தாதவர்களுக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. தலையில் ஆங்காங்கே வழுக்கையோ புண்ணோ காணப்பட்டால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும்.

வெட்டித்தான் ஆக வேண்டுமா?

முடி மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு வயது ஏறத்தாழ 5 ஆண்டுகள். அத்தனை ஆண்டு வெயிலையும் நீரையும் சீப்பையும் அது தாங்கியிருக்கிறது. பிளவு முதலில் நுனியில் தோன்றுவதன் காரணம் இதுவே. பிளவுபட்ட நுனி மீண்டும் ஒட்டுவதில்லை. ஆகவே, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நுனியை மட்டும் சிறிதளவு கத்தரித்துவிடுவது நன்று. முழுவதும் வெட்டவேண்டிய கட்டாயமில்லை. குட்டை முடி விரைவில் உலரும், பராமரிப்பும் எளிது என்று விரும்பி வெட்டிக்கொள்வோரைத் தடுப்பதற்கும் இல்லை.

வெட்டினால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. தேயிலைச் செடியைக் கவாத்து செய்தால் புதுத் துளிர் விடும், முடி அப்படிப்பட்டதன்று. மழிப்பதால் முடியின் வளர்ச்சி மாறுவதில்லை என்பதை 1928ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

பாதுகாக்கும் வழிகள்

குளத்தில் இறங்குமுன் தலையை நல்ல நீரில் நன்கு நனைக்க வேண்டும். ஏற்கெனவே நீரை உறிஞ்சிய முடி, குளத்து நீரைக் குறைவாகவே ஏற்கும். முடியின் புரத இழப்பைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. நம் பாட்டிமார் கைக்கொண்ட வழக்கம் வீண்போகவில்லை! ஆனால் சில துளிகளே போதும். வழியவழியத் தடவினால் குளத்து நீர் மாசுபடும்.

அடுத்தது நீச்சல் தொப்பி. அது நீரை முற்றாகத் தடுக்காவிட்டாலும் பாதிப்பைக் குறைக்கும். பால்மரத்துப் பாலில் செய்த தொப்பிகள் விலை மலிவானவை. ஆயினும், எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும். எண்ணெய் தடவுவோருக்குச் சிலிக்கோன் தொப்பியே ஏற்றது. அது முடியைப் பிடித்து இழுப்பதும் குறைவு. அடர்ந்த கூந்தலுக்கென அமைந்த பெரிய தொப்பி ஒன்றை 2021இல் ஏற்க மறுத்த அனைத்துலக நீச்சல் சம்மேளனம், 2022இல் அதனைப் போட்டிகளில் அணிய அனுமதித்தது.

கரையேறியவுடன் தலையை நல்ல நீரில் அலசுவது மிக முக்கியம். வீடு சென்று குளிக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஈர முடி எளிதில் அறும்; எனவே துண்டால் ஒற்றியெடுத்து, அகன்ற பற்களுடைய சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுக்க வேண்டும். ஈரத்தோடு இறுகப் பின்னுதல் கூடாது. பேனும் படர்தாமரையும் பரவாதிருக்க, சீப்பு, துண்டு, தொப்பி ஆகியவற்றைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளலாகாது.

பெற்றோர்களே! கூந்தலைக் காரணம் காட்டி நம் மகளைக் கரையில் நிறுத்திவிட வேண்டாம். முடியை எவ்வளவு நீளம் வைத்துக்கொள்வது என்பதை அவளும் நாமும் கலந்து பேசி முடிவு செய்யலாம். வெட்டிய முடி ஓராண்டில் ஏறத்தாழ அரைச் சாண் வளர்ந்துவிடும். ஆழ்ந்த நீரில் தவறி விழும் நாளிலோ, அவள் கற்ற நீச்சலே அவளைக் கரைசேர்க்கும்.