நார்ஃபோக் பொறியும் நசரத்பேட்டை வெயிலும்

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், ஹெத்தல் என்னும் சிற்றூரில் இயங்கும் லோட்டஸ் நிறுவனம் 1980ஆம் ஆண்டு டர்போ எஸ்பிரிட் என்னும் விரைவுக் காரை வெளியிட்டது. 2174 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட அதன் அலுமினியப் பொறி, இருக்கைகளுக்குப் பின்னால் அமர்ந்து 210 குதிரைத்திறன் ஈந்தது. அவ்வூரில் கோடைப் பகலின் வெப்பம் பெரும்பாலும் 22 பாகையை ஒட்டியே நிற்கும். அந்தக் குளிர்ந்த காற்றுக்கென வடிக்கப்பட்ட பொறியை, பூவிருந்தவல்லிக்கு மேற்கே நசரத்பேட்டையில், பெங்களூரு நெடுஞ்சாலையோரக் கொட்டகை ஒன்றில் பிரித்துச் சீரமைப்பதாகக் கொள்வோம். துருவையும் விரிசலையும் தேடுமுன், அங்கு வீசும் காற்றின் வெப்பத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பேன்.

மே மாதத்தில் கடற்காற்று நண்பகலையொட்டி மெரினாவில் புகுந்தாலும், மேற்குப் புறநகரை எட்டச் சுணங்கும். 40 பாகை அங்கே வியப்பன்று. 2003 மே 31 அன்று கடலுக்கு அணித்தான நுங்கம்பாக்கத்திலேயே 45 பாகை பதிவாயிற்று.

டர்போ என்னும் கருவியின் கருத்து எளியது. புகைபோக்கி வழியே வீணாகும் சூடான வளி ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள அமுக்கி, வெளிக்காற்றைச் செறித்து உருளைகளுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி இதற்கு 1905இலேயே காப்புரிமை பெற்றார். நம் மண்ணுக்கும் இது புதிதன்று. 1982இல் தோன்றிய டர்போ எனர்ஜி நிறுவனம் சென்னைக்குத் தெற்கே பையனூரில் இக்கருவிகளைச் செய்கிறது. நெடுஞ்சாலையில் செல்லும் லாரிகள் டர்போ பூட்டியே ஓடுகின்றன.

ஆயினும் லாரிப் பட்டறையின் பட்டறிவு இங்கே பாதி வழிதான் துணை வரும். நிமிடத்திற்கு ஓரிலக்கம் சுற்றுகளையும் கடந்து சுழலும் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதக்கிறது என்பதையும், ஓடிக் களைத்த பொறியைச் சட்டென நிறுத்தினால் அவ்வெண்ணெய் தாங்கிகளில் கருகிப் படியும் என்பதையும் லாரி மெக்கானிக் நன்கறிவார். ஆனால் டீசல் பொறி உறிஞ்சுவது வெறுங்காற்று. அமுக்கத்தின் முடிவில்தான் எரிபொருள் பீய்ச்சப்படுகிறது. பெட்ரோல் பொறியிலோ கலவை முழுவதும் முன்னரே உள்ளே நிறைந்து, தீப்பொறிக்காகக் காத்திருக்கிறது. மிகச் சூடேறினால் அது காத்திராது. தீமுகம் வந்து சேருமுன்னரே மூலையிலுள்ள கலவை தானே வெடிக்கும். பட்டறையில் ‘நாக்கிங்’ எனப்படும் இந்தத் தட்டல், பிஸ்டனின் தலையைத் துளைத்துவிட வல்லது.

கணக்கைப் பார்ப்போம். தொடக்கக் கால டர்போ எஸ்பிரிட்டில் ‘பூஸ்ட்’ எனப்படும், அமுக்கி தரும் மிகையழுத்தம் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு. அதாவது வெளியழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேல். வளியை அமுக்கினால் அது சூடேறும் என்பது வெப்ப இயக்கவியலின் விதி. அமுக்கியின் திறனை 65 விழுக்காடு எனக் கொண்டால், 20 பாகையில் நுழையும் காற்று ஏறத்தாழ 80 பாகையில் வெளியேறும். 40 பாகையில் நுழைவதோ 103ஐத் தொட்டுவிடும். நீரின் கொதிநிலையையே கடந்த காற்று! இவ்விரண்டின் வேறுபாடு, உருளைக்குள் பிஸ்டன் மேலெழுந்து அமுக்கும்போது மீண்டும் ஏறத்தாழ இருமடங்காகிறது. போதாக்குறைக்கு, அடர்த்தி குன்றிய காற்றால் திறனும் ஆறு விழுக்காடு குறைகிறது. இழந்த திறனை மீட்கவென்று பூஸ்ட் அளவை முடுக்கிவிடுவோர் உண்டு. சூட்டால் வந்த குறையைச் சூட்டாலேயே தீர்க்க முயலும் பேதைமை அது.

குளிர்விப்பதே முறை. அமுக்கிக்கும் உருளைக்கும் இடையே ஒரு குளிர்விப்பானை வைத்து அந்த 103ஐ 60க்கு இறக்கினால், பூஸ்ட்டைச் சிறிதும் கூட்டாமலேயே ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதல் காற்று கிடைக்கும். குழாய்களில் நேரும் அழுத்த இழப்பை மட்டும் இதில் கழித்துக்கொள்ள வேண்டும். 1980ஆம் ஆண்டுக் காரில் இக்குளிர்விப்பான் இல்லை. 1989இல் வந்த எஸ்பிரிட் எஸ்இயில் லோட்டஸே அதைச் சேர்த்து, எரிபொருள் பீய்ச்சும் முறையோடு 264 குதிரைத்திறனை எட்டியது. காற்றால் அன்றி நீரால் குளிர்விக்கும் அமைப்பை அவர்கள் தேர்ந்தது நமக்கும் நன்று. நடுப்பொறிக் காரில் எதிர்காற்று பொறியை எளிதில் அடையாது. போரூர் நெரிசலில் எதிர்காற்றே இராது. நீர் தன் வெப்பக் கொள்திறனால் அந்த இடைவெளியைத் தாங்கும்.

இங்கே சட்டம் குறுக்கிடுகிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிய 2021இல் வந்த விதிகள், அடிச்சட்டம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாத மூலவடிவையே கோருகின்றன. 1980இல் பிறந்த கார் 2030இல் அந்த அகவையை எட்டும். ஆகவே அறுக்காமலும் பற்றவைக்காமலும், மரையாணிகளால் மட்டும் பூட்டிக் கழற்றத்தக்க மாற்றங்களே செய்யத்தக்கவை. கழற்றிய பாகங்களை எண்ணெய் தடவிப் பேணி வைக்கவும் வேண்டும்.

எஞ்சுவது எரிபொருள். பழைய கார் உரிமையாளர் பலர் எத்தனால் கலந்த பெட்ரோலைத் திட்டித் தீர்க்கிறார்கள். பழைய ரப்பர் ஓஸ்களை எத்தனால் அரிக்கும் என்பது மெய். அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியே ஆக வேண்டும். இக்காரில் அமுக்கப்பட்ட காற்று கார்புரேட்டருக்குள்ளேயே ஊதப்படுவதால், எரிபொருளின் அழுத்தமும் பூஸ்ட்டைத் தொடர்ந்து உயர வேண்டும். ஒரு கசிவு போதும், தீப்பற்ற. ஆனால் டர்போ பொறிக்கு எத்தனால் பகையன்று. தட்டலைத் தாங்கும் திறனைக் காட்டும் அதன் ஆக்டேன் எண் 100க்கு மேல். ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பம், எடைக்கு எடை பெட்ரோலைப்போல் இருமடங்கிற்கும் மிகுதி. குளிர்விப்பான் இல்லாத அந்தக் காரில், ஆவியாகும் எரிபொருள்தானே குளிர்விப்பான்!

விலை ஒன்று உண்டு. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால், 20 விழுக்காட்டுக் கலவையில் அதே காற்றுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் எரிபொருள் செல்ல வேண்டும். செல்லாவிடில் கலவை மெலிந்து மீண்டும் தட்டல் எழும். கார்புரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் ஜெட்டின் துளைப்பரப்பை எட்டு விழுக்காடு கூட்ட, விட்டத்தை நான்கு விழுக்காடு கூட்டினால் போதும். ஒன்றரை மில்லிமீட்டர்த் துளையில் அது 0.06 மில்லிமீட்டர். துரப்பணத்தைக் கையில் பிடித்துத் துளைக்கும் வேலையன்று இது. சரியான எண்ணுள்ள புதிய ஜெட் கிடைக்காவிடில், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் நுண்கடைசல் பட்டறை ஒன்றில் கொடுத்து, இரு கார்புரேட்டர்களின் துளைகளும் ஒத்திருக்கின்றனவா என அளவியால் சோதித்தே வாங்க வேண்டும்.