கல்லும் ஊரும் – 11: திண்டிவனத்துக்குள் ஒரு தலைநகரம்

திண்டிவனம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பஸ் நின்று கிளம்பும் பத்து நிமிடம்தான். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள், புதுச்சேரிக்குப் பிரிகிறவர்கள், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் இந்த ஊரைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இறங்குகிறவர்கள் குறைவு. இறங்கியவர்களிலும் கிடங்கல் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

இன்று நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட அந்தக் கிடங்கல்தான் சங்க நூல்கள் பேசும் கிடங்கில். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் கோட்டை ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படைக்கு இவன்தான் தலைவன். 269 அடிகளில் அதைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்றும் ஒரு பேரூராட்சி இருக்கிறது.

பரிசு வாங்கி வரும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழி நெடுகச் சாப்பாட்டுக் கணக்குதான்! முதலில் எயிற்பட்டினம், அறிஞர்கள் இதை மரக்காணம் என்கிறார்கள். அங்கே நுளைச்சி வடித்த பழைய கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்து வேலூர், இது கோட்டையும் மருத்துவக் கல்லூரியும் உள்ள வேலூர் அல்ல, மரக்காணம் பக்கத்து உப்புவேலூர். எயினர் வீட்டில் சுடச்சுடப் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூருக்குப் போய்விட்டால் உலக்கையால் குத்திய அரிசிச் சோறும் நண்டுக் கறியும். கடல், காடு, வயல் என்று ஒரே வட்டாரத்துக்குள் மண் மாறுவதை இலையில் விழும் பண்டத்தைக் கொண்டே காட்டிவிடுகிறார் நத்தத்தனார். மரக்காணத்தில் இன்றைக்கும் மீன் உண்டு. கூடவே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளமும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி நீர்நிலையும்.

கிடங்கில் வெறும் காவல் கோட்டையாக மட்டும் இருந்திருக்காது. நற்றிணையில் காவிதிக் கீரங்கண்ணனார், காவிதிப் பெருங்கொற்றனார், குறுந்தொகையில் குலபதி நக்கண்ணன் என்று மூன்று புலவர்கள் இந்த ஊர்ப் பெயரை முன்னே போட்டுக்கொண்டு வருகிறார்கள். காவிதி என்பது அரசன் தரும் பட்டம். பட்டம் பெற்றவர்களும் பாட்டுக் கட்டுகிறவர்களும் சேர்ந்து வாழ்ந்த ஊரை நகரம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் பார்த்த காஞ்சிபுரத்தில், 7ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் நூறு பௌத்த மடங்களுக்கு மேல் இருந்ததாக எழுதினார். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வந்தால் காட்சி மாறுகிறது. இங்கே பாறைக்குப் பாறை பேசுவது சமணம்.

கதை அசோகரிடமே தொடங்குகிறது. தன் எல்லைக்கு வெளியே இருந்த அரசுகளைப் பட்டியலிடும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் வரிசையில் சதியபுத்திரர் என்றும் ஒரு பெயரைப் பொறித்து வைத்தார். யார் அந்தச் சதியபுத்திரர் என்று வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பைக் குன்றில் ஒரே வரியில் விடை கிடைத்தது: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி. பள்ளி என்றால் இங்கே சமணத் துறவியர் தங்குமிடம். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் குடியும் அசோகர் சொன்ன குடியும் ஒன்று என்று ஆனது. 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் பிறந்தபோது ஜம்பை அதோடு வந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனியானபோது அந்தப் பக்கம் போய்விட்டது. குன்று நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது.

செஞ்சிப் பக்கம் நேகனூர்ப்பட்டியில் பிந்தைய தமிழ்-பிராமியில் இன்னொரு கல்வெட்டு. பெரும்பொகழ் என்ற ஊரைச் சேர்ந்த சேக்கந்தியின் தாய் சேக்கந்தண்ணி செய்வித்த பள்ளி என்கிறது அது. மன்னனும் இல்லை, வணிகனும் இல்லை. துறவியர் தங்க இடம் செய்து கொடுத்தவள் ஒரு தாய். அவள் பெயர் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாகப் பாறையில் இருக்கிறது.

செஞ்சிக்கு அருகிலேயே திருநாதர்குன்று. செங்குத்தான ஒரு பெரும்பாறையின் முகத்தில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். எல்லோரும் ஒரே அமர்வில், ஒரே அளவில், இருபுறமும் சாமரத்தோடு. அதே குன்றில் ஒரு சிறு கல்வெட்டு: ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நினைவிடம் அது. பக்கத்திலேயே முப்பது நாள் நோன்பிருந்த இளையபட்டாரருக்கும் ஒன்று. செஞ்சிக்கு வருகிற கூட்டம் ராஜகிரிக் கோட்டையில் மூச்சு வாங்க ஏறி இறங்கிவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறது. இந்தக் குன்றுக்கு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பௌத்தம் தமிழ்நாட்டில் பெரிதும் துறைமுகத்தையும் தலைநகரத்தையும் சார்ந்து வளர்ந்தது: பூம்புகார், நாகப்பட்டினம், காஞ்சி. வணிகம் தளர்ந்து அரசர் ஆதரவும் போனபோது அதைத் தாங்க ஆளில்லை. நாகப்பட்டினத்து விகாரையின் கடைசிக் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். இந்த வட்டாரத்துச் சமணம் தப்பியதற்குக் காரணம் அது கழனியில் கால் ஊன்றியதுதான். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி, ஆரணி ஊர்களில் நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர்கள் பெரும்பாலும் நெல் விளைவிக்கும் குடிகள். வீட்டில் பேசுவது தமிழ். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பதை இன்றும் கடைப்பிடிக்கும் குடும்பங்கள் உண்டு.

இவர்களுடைய தலைமைப் பீடம் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூரில் இருக்கிறது. ஜினகாஞ்சி மடம் என்பது அதன் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து இடம்பெயர்ந்தாலும் பழைய ஊரைப் பெயரில் விடாமல் வைத்திருக்கிறது. பட்டமேற்கும் மடாதிபதி ஒவ்வொருவருக்கும் லட்சுமிசேனர் என்பதே திருநாமம். ஓங்கிய கோபுரத்தோடு பார்சுவநாதர் கோயில். சற்றுத் தள்ளி மலைநாதர் கோயிலில் பாறையிலேயே செதுக்கிய பாகுபலியும் தருமதேவியும். மயிலாப்பூரில் இருந்த நேமிநாதர் திருமேனியைக் கடல் கொண்டுவிடும் என்று அஞ்சி இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பது சமணர் வழிவழியாகச் சொல்லி வருவது.

சித்தாமூரிலிருந்து செஞ்சி போய், விழுப்புரம் சாலையில் திரும்பினால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதி வைத்த குகைக்கோயில். முதலில் சமணத்தில் இருந்து பின்பு சைவத்துக்கு மாறியவன் என்று அவனைப் பற்றிப் பெரியபுராணம் சொல்கிறது. அடுத்த வாரம் அவன் குகைக்குள் நுழைவோம்.

(தொடரும்)