பிரிட்டனில் கார் ஓட்டப் போறீங்களா? இந்திய லைசென்ஸுக்கு ஆயுள் 12 மாதம்தான்!

பிரிட்டனில் வேலை கிடைத்துப் போகும் தமிழர்கள் பலருக்கு ஒரு ஆறுதல் உண்டு. அங்கேயும் சாலையின் இடது பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங்கும் நம்ம ஊர் மாதிரியே வலது பக்கம்தான். “அப்புறம் என்ன, ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டியதுதானே” என்று தோன்றும். முதல் ஒரு வருடம் அது கிட்டத்தட்ட உண்மையும்கூட. சிக்கல் தொடங்குவது அந்த வருடம் முடிகிற நாளில்.

12 மாதக் கணக்கு என்ன?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும், குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்தே கார் ஓட்டலாம். அதன்பின் பிரிட்டிஷ் உரிமம் கட்டாயம்.

சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற சில நாடுகளின் உரிமத்தை விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. சென்னை டிராஃபிக்கில் 15 வருடம் ஓட்டியவரும் புதிதாக டெஸ்ட் கொடுத்துத்தான் ஆகணும்.

நடுவில் லீவுக்கு ஊருக்கு வந்து போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. குடியிருப்பு பிரிட்டனில் தொடர்வதால் கணக்கும் தொடரும்.

கெடு முடிந்த பிறகு ஓட்டினால்?

13-வது மாதம் முதல் சட்டப்படி அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர். தனியாக ஓட்டினால் குற்றம். அதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், செல்லுபடியாகும் உரிமம் இல்லையென்றால் பாலிசி கைகொடுக்காமல் போகலாம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், 6 பெனால்டி பாயின்ட். காரையே போலீஸ் எடுத்துக்கொண்டு போகலாம். பிறகு இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனால், இந்தப் பதிவு பிரீமியத்தையும் ஏற்றிவிடும்.

என்னென்ன படிகள்?

முதலில் ‘புரொவிஷனல்’ உரிமம். உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ-விடம் ஆன்லைனில் விண்ணப்பிக்க 34 பவுண்டு. குறைந்தது 185 நாட்கள் வசிக்க அனுமதி இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் இதை வாங்கிவிட்டால், அந்தக் கெடு முடியும்வரை தனியாக ஓட்டுவதற்குத் தடையில்லை. பிறகு, மூன்று வருடமாவது உரிமம் வைத்திருக்கும் 21 வயது தாண்டிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். காரில் ‘எல்’ போர்டும் வேண்டும்.

இரண்டாவது தியரி டெஸ்ட், 23 பவுண்டு. 50 கேள்விகளில் 43 சரியாக இருக்க வேண்டும். கூடவே, வீடியோ பார்த்து ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பகுதியில் 75-க்கு 44. இந்தத் தேர்ச்சி 2 ஆண்டுகள் செல்லும்.

மூன்றாவது சாலையில் டெஸ்ட். வார நாட்களில் 62 பவுண்டு, சுமார் 40 நிமிடம். காலம் கரைவது இங்கேதான். பல மையங்களில் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபெயிலானால் குறைந்தது 10 வேலை நாட்கள் இடைவெளி விட்டுத்தான் அடுத்த டெஸ்ட். அதற்கும் அதே க்யூ. “இன்னும் ரெண்டு மாசம் இருக்கே” என்று 10-வது மாதத்தில் தொடங்குபவர் கெடுவைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம்.

ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் பாஸ் செய்தால், கியர் வண்டி ஓட்ட உரிமம் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அனுபவசாலிகள் ஏன் தடுமாறுகிறார்கள்?

சாலை டெஸ்ட்டில் 15 சிறு தவறுகள் வரை பாஸ். பெரிய தவறு ஒன்றே ஒன்று என்றாலும் ஃபெயில். சந்திப்புகளில் சரியாகக் கவனிக்காததும், கண்ணாடி பார்க்காமல் திசை மாறுவதும்தான் தோல்விக்கான முக்கியக் காரணங்களில் முன்னால் நிற்கின்றன. நம்ம ஊரில் பின்னால் வண்டி வருவதை ஹார்ன் சொல்லிவிடும். அங்கே அநேகமாக யாரும் அடிப்பதில்லை. கண்ணாடியைப் பார்த்தால்தான் தெரியும்.

ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். முன்பக்கத்தை நுழைத்து இடம் பிடிக்கும் பழக்கம் அங்கே செல்லாது. 2022-ல் வந்த மாற்றத்தின்படி, சந்திப்பில் சாலையைக் கடக்கக் காத்திருக்கும் பாதசாரிக்கும் வழிவிட வேண்டும்.

ஹெட்லைட் அடிப்பதிலும் குழப்பம் உண்டு. இங்கே அதற்கு “நான் வரேன், நில்லு” என்று அர்த்தம். அங்கே பலர் “நீங்க போங்க” என்பதற்கு அடிக்கிறார்கள். ஆனால் அரசின் சாலை விதிப்புத்தகமான ‘ஹைவே கோடு’, “நான் இங்கே இருக்கிறேன்” என்று தெரிவிக்க மட்டுமே அடிக்கச் சொல்கிறது. லைட்டை மட்டும் நம்பி வண்டியை நகர்த்தக் கூடாது.

வேகம் மைல் கணக்கில். பலகையில் 30 என்றால் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர். வேல்ஸில் குடியிருப்புப் பகுதிகளில் 2023 செப்டம்பர் முதல் பெரும்பாலும் 20 மைல்தான்.

உரிமம் வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். முதல் 2 வருடத்தில் 6 பாயின்ட் சேர்ந்தால் உரிமம் ரத்து. தியரியிலிருந்து மறுபடி தொடங்கணும். கையில் மொபைலோடு ஒரே ஒருமுறை பிடிபட்டாலே 200 பவுண்டோடு அந்த 6 பாயின்ட்டும் வந்துவிடும்.

எப்போது தொடங்குவது?

போய் இறங்கியதும் வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று ஒரு பட்டியல் இருக்கும். புரொவிஷனல் விண்ணப்பமும் அதிலேயே இருப்பது நல்லது. முதல் மூன்று மாதத்துக்குள் தியரியை முடித்து, உடனே சாலை டெஸ்ட்டுக்குத் தேதி போட்டுவிட்டால், ஒருமுறை ஃபெயிலானாலும் இன்னொரு முயற்சிக்குக் கைவசம் மாதங்கள் இருக்கும்.