குப்பியும் கோப்பையும் – 23: சாம்பிராணி கலந்த ரம்

ஓராண்டில் சுவைத்தவற்றை வரிசைப்படுத்தினால் ஒரு கோடு துலக்கமாகத் தெரிகிறது. காக்டெய்லின் அடியில் ஊற்றும் சரக்குக்கு, அது எதிலிருந்து வடிக்கப்பட்டதோ அந்தப் பொருளின் மணம் இருந்தால் பானம் எழுந்து நிற்கிறது. மணத்தையெல்லாம் உருவிய எரிசாராயத்தில் எசென்ஸ் தெளித்து வந்த சரக்கென்றால், எலுமிச்சையும் சர்க்கரையும் எத்தனை பக்குவமாக இருந்தாலும் பானம் படுத்துவிடுகிறது. இலங்கையின் தென்னஞ்சாராயம் இந்த வாதத்தின் இரண்டு பக்கங்களுக்கும் சாட்சி. இந்த ஆண்டின் மிகச் சிறந்த கோப்பை அதில் கலந்ததுதான். ஆகப் பெரிய ஏமாற்றமும் அதே பெயர் ஒட்டிய குப்பிதான்.

முதலில் அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். விரியாத தென்னம்பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவி முட்டியைக் கட்டுகிறார்கள். களுத்துறைப் பக்கத்துத் தோப்புகளில் மரத்துக்கு மரம் இறங்கி ஏறுவதில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே மேலும் கீழுமாகக் கட்டிய கயிற்றில் நடந்தே அடுத்த மரத்துக்குப் போகிறார்கள். பாளையில் சொட்டும் சாறில் 12 முதல் 15 சதவீதம் சர்க்கரை இருக்கும். முட்டியில் சுண்ணாம்பு தடவாவிட்டால், சொட்டு விழுந்த நேரத்திலிருந்தே காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். விஸ்கிக்கோ ரம்முக்கோ செய்வதுபோல யாரும் ஈஸ்டைத் தேர்ந்தெடுத்துப் போடுவதில்லை. ஒரு நாளைக்குள் ஐந்து முதல் எட்டு சதவீத ஆல்கஹால் உள்ள கள் தயார். அதற்குமேல் விட்டால் காடியாகத் திரும்பிவிடும் என்பதால் உடனே வடித்தாக வேண்டும். இந்த அவசரமும் பலவகை நுண்ணுயிர்களின் கூட்டு உழைப்பும் சேர்ந்து தருகிற எஸ்டர்களே கனிந்த பழமும் பூவும் கலந்தாற்போன்ற அந்த வாசனைக்குக் காரணம். வடிக்கும்போது 60 முதல் 90 சதவீதத்துக்குள் நிறுத்தினால் அது உயிரோடு வந்து சேரும். ஹல்மில்லா மரத் தொட்டியில் கிடந்தால் இன்னும் பதப்படும். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று பெயரிட்டு ஏற்றுமதி செய்தது இதைத்தான். 96 சதவீதம் வரை ஏற்றிச் சுத்திகரித்தாலோ, உள்ளே போனது தென்னங்கள்ளா கரும்பாலையின் மொலாசஸா என்று மூக்கால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதற்கு உடனடியாக வரும் மறுப்பு பழையது, வலுவானதும்கூட. நாட்டுச் சாராயத்தின் நாற்றம் தாங்காமல்தான் வெள்ளைக்காரர்கள் அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் சாதிக்காயும் போட்டார்கள். கலப்புப் பானம் பிறந்ததே கெட்ட சரக்கை மறைக்கத்தான். மறைப்பதற்கென்றே வந்த பானத்தில் அடிச்சரக்கின் மணத்தைத் தேடுவானேன் என்பது அந்த வாதம். இதைச் சோதிக்க காக்டெய்லின் பாட்டனான பஞ்ச் பிறந்த காலத்துக்குப் போக வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று லண்டனில் எழுதியது அல்ல, சோழமண்டலக் கரையில் எழுதியது. 1632 செப்டம்பர் 28 அன்று ராபர்ட் ஆடம்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர், பெட்டபொலியில், அதாவது இன்றைய நிஜாம்பட்டினத்தில், இருந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பஞ்ச் குடிப்பதைப் பற்றி ஒரு வரி வருகிறது. எழுதிய இடம் ஆர்மகான். பழவேற்காடு ஏரிக்கு வடக்கே இன்று துர்கராயபட்டினம் என்று இருக்கும் ஊர். ஆங்கிலேயருக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்த ஆறுமுக முதலியாரின் பெயரே ஆர்மகான் ஆனது. 1639-இல் ஃபிரான்சிஸ் டே சென்னைக்கான நிலத்தைப் பேசி முடித்ததும் இந்த ஆர்மகானிலிருந்து வந்துதான். ஆடம்ஸ் அந்தப் பானம் என்னவென்று விளக்கவே இல்லை. விளக்காமலே நண்பருக்குப் புரியும் அளவுக்கு அது கரையோரத்துக் கம்பெனி வீடுகளில் அதற்குள் பழகிவிட்டிருந்தது. உலகத்து மதுக்கூடங்களின் வரலாற்றில் சென்னைக்கும் நெல்லூருக்கும் நடுவே ஒரு மணல்மேட்டுக்கு இப்படியொரு இடம் இருப்பதை நம் பாடப்புத்தகங்கள் சொன்னதில்லை; சொல்லியிருக்கலாம்.

மறைப்பதற்காகக் கலந்தார்களா என்ற கேள்விக்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. பம்பாய் அரசாங்கத்தின் 1694-ஆம் ஆண்டு உத்தரவில் இருக்கிறது. விடுதிக்குப் பஞ்ச் குடிக்க வருபவர் எதையெல்லாம் கேட்டு வாங்கித் தன் கையாலேயே கலந்துகொள்ளலாம் என்று அது வரையறுக்கிறது: ஒரு குவார்ட் நல்ல கோவாச் சாராயம், அரை பவுண்டு சர்க்கரை, அரை பைன்ட் நல்ல எலுமிச்சை நீர். குவார்ட் என்பது இரண்டு பைன்ட். ஆக, சாராயம் நான்கு பங்கு என்றால் எலுமிச்சை ஒரு பங்கு. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் டைக்கிரி அளவு 60 மில்லி வெள்ளை ரம்முக்கு 20 மில்லி எலுமிச்சைச் சாறு, அதாவது மூன்றுக்கு ஒன்று. மென்மையான கியூபா ரம்முக்கு இன்று ஊற்றுவதைவிடக் குறைந்த எலுமிச்சையைத்தான் பம்பாய்க்காரர்கள் சாராயத்துக்கு ஊற்றியிருக்கிறார்கள். அக்காலச் சாராயத்தின் வீரியம் இன்றைய ரம்மைவிடக் குறைவாக இருந்திருக்கலாம் என்று கழித்தாலும், எலுமிச்சை நீர் என்பது தண்ணீர் கலந்த சாறாகவும் இருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். நாற்றத்தை மூடுகிற அளவு இது இல்லை. ஏதோ ஒரு சாராயம் என்று விடாமல் கோவாச் சாராயம் என்று ஊரைச் சொல்லிக் கேட்கும் உரிமையைக் குடிப்பவருக்கு அந்த உத்தரவு கொடுத்திருப்பது அதைவிட முக்கியம். மறைக்கப்போகும் பொருளுக்கு ஊர்ப்பெயர் எதற்கு?

இவ்வளவும் சூழ்நிலைச் சாட்சிதான் என்று வழக்கறிஞர் ஒருவர் தள்ளிவிடலாம். சாம்பிராணியை அப்படித் தள்ள முடியாது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ராக் பஞ்ச் என்ற சாராயப் பஞ்ச் உயர்ந்த ருசிக்காரர்களின் பானம். கடல் கடந்து வரும் சாராயத்துக்கு விலை அதிகம், ஜமைக்கா ரம் அதைவிட மலிவு. அப்போது என்ன செய்தார்கள்? ரம்மைச் சாராயம்போல மணக்க வைத்தார்கள். 1817-இல் முதலில் வெளியாகிப் பல பதிப்புகள் கண்ட வில்லியம் கிட்சினரின் சமையல் புத்தகத்தில் போலிச் சாராயத்துக்கே தனியாக ஒரு குறிப்பு உண்டு: ஒரு குவார்ட் நல்ல ரம்மில் இரண்டு ஸ்குரூப்பிள், இன்றைய கணக்கில் இரண்டரை கிராமுக்குச் சற்று மேல், சாம்பிராணிப் பூவைக் கரைக்க வேண்டும். சாம்பிராணிப் பிசினைச் சட்டியில் சூடாக்கினால் எழும் ஆவி மேலே குளிர்ந்து வெள்ளை ஊசிகளாகப் படியும். அந்த ஊசிகளுக்குத்தான் பூ என்று பெயர். வேதியியலில் அது பென்சோயிக் அமிலம். சுத்தமான பென்சோயிக் அமிலத்துக்குப் பெரிதாக மணம் கிடையாது. பழைய முறையில் பூவோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்த பிசின் எண்ணெய்கள்தான் ரம்மை மணக்க வைத்தன. 1862-இல் அமெரிக்காவில் ஜெரி தாமஸ் வெளியிட்ட மதுக்கலவைப் புத்தகமும் இதே தந்திரத்தைச் சொல்கிறது. இந்தியாவின் சில பகுதிகளில் தென்னங்கள்ளிலிருந்து சாராயம் வடிக்கிறார்கள் என்பதும் அதே குறிப்பிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் குழந்தைகளின் ஈரத் தலைக்குப் புகை காட்டும் பொருளை, நம் பக்கத்துச் சாராயத்தின் வாசனை வேண்டும் என்பதற்காகச் சீமையில் ரம்மில் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். விரும்பப்படும் பொருளுக்குத்தான் போலி வரும். யாரும் ஒரு நாற்றத்தைக் காசு கொடுத்துப் போலி செய்யமாட்டார்கள். எலுமிச்சை சாராயத்தை மறைக்க வந்தது என்ற வாதத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

லண்டனில் ராக் பஞ்சுக்குப் பேர்போன இடம் வாக்ஸ்ஹால் தோட்டம். தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் வங்காளத்தில் கலெக்டராக இருந்த ஜோஸ் செட்லி, அங்கேதான் ஒரு கிண்ணம் ராக் பஞ்சைத் தனியாகக் காலி செய்துவிட்டு, பெக்கியிடம் கல்யாணப் பேச்சை எடுக்காமலே போய்விடுவான். கதை முழுக்க அந்தக் கிண்ணத்தில்தான் திரும்புகிறது. கல்கத்தாவில் பிறந்த தாக்கரே பானத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இங்கிலாந்தில் பிறகு மங்கிவிட்டது. அப்படியென்றால் இந்த ருசியெல்லாம் அந்தந்தக் காலத்து மோகம்தானே என்று கேட்கலாம். சுவீடன் அதற்குப் பதில். 1731-இல் தொடங்கிய சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் போய்ச் சேர்ந்த ஜாவாச் சாராயம் இன்றும் அங்கே பன்ச் என்ற இனிப்பு மதுவில் இருக்கிறது. வியாழக்கிழமை மஞ்சள் பட்டாணி சூப்போடு அதைச் சூடாக்கிக் குடிக்கும் வழக்கம் போகவில்லை. மொலாசஸோடு சிவப்பரிசியில் வளர்த்த புளிப்பைச் சேர்த்து நொதிக்க வைப்பது அந்தச் சாராயம். மூர்க்கமான மணம். அதைத் தனியாகக் குடிப்பது கடினம், சர்க்கரையும் தேயிலையும் சேர்ந்தால் விடுவது கடினம். இந்த ஆண்டுப் பட்டியலில் அதற்கு இரண்டாமிடம்.

அடுத்த மறுப்பு வோட்கா பிரியர்களுடையது. மணமே இல்லாத வோட்காவில் கலந்த மாஸ்கோ மியூல் 1940-களிலிருந்து இன்றுவரை ஓடுகிறதே? ஓடுகிறது, நன்றாகவும் இருக்கிறது. அந்தப் பானத்தின் ருசி இஞ்சி பீரின் ருசி. வோட்கா அதில் போதையை மட்டும் கொடுக்கிறது. வேறெதையும் கொடுப்பதாக அது சொல்லிக்கொள்வதும் இல்லை. குற்றம், வோட்காவுக்குச் சமமான எரிசாராயத்தில் கொஞ்சம் தென்னஞ்சாராயத்தைச் சேர்த்து, முகப்பில் தென்னை மரத்தைப் போட்டு விற்பதில் இருக்கிறது. கலப்பது உலக வழக்கம், ஸ்காட்ச் விஸ்கியில் பெரும்பகுதி கலவைதானே என்பார்கள். ஸ்காட்ச் கலவையில் சேரும் தானிய விஸ்கியைச் சட்டப்படி 94.8 சதவீதத்துக்குக் கீழே வடிக்க வேண்டும். ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதுவும் ஸ்காட்லாந்திலேயே கிடக்க வேண்டும். அது தனக்கென்று ஒரு குணம் உள்ள விஸ்கி. ஆலையிலிருந்து நேரே டேங்கர் லாரியில் வரும் எரிசாராயத்தை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. மொலாசஸ் ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் சேர்த்த இந்தியச் சரக்கு ஐரோப்பாவில் விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாததற்கும் அதுவே காரணம். பெங்களூரின் அம்ருத், பார்லியில் வடித்த சிங்கிள் மால்ட்டை 2004-இல் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் இறக்கியபோது அந்தத் தடை அதற்கு இல்லை.

மெக்சிகோக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். டெக்கிலாவில் சர்க்கரையின் 51 சதவீதமாவது நீலக் கற்றாழையிலிருந்து வர வேண்டும். முழுவதும் கற்றாழை என்றால்தான் 100 சதவீதம் என்று குப்பியில் போடலாம். அந்த ஒரு வரியைப் பார்த்தே வாங்குபவர் தீர்மானித்துக்கொள்கிறார். அதே எலுமிச்சை, அதே ஆரஞ்சு மது சேர்த்த மார்கரிட்டாவில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். தென்னஞ்சாராயக் குப்பியின் முகப்பிலும் கள்ளிலிருந்து வந்தது எத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். முழுத் தென்னஞ்சாராயம் வடிப்பவர்களுக்கு இதில் லாபம்தான். மரத்தில் ஏறிப் பாளை சீவுபவருக்கும் லாபம், ஏனென்றால் கள்ளின் பங்கு கூடினால்தான் அவருக்கு வேலை கூடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்கே தடை இருப்பதால் தென்னங்கள் வாலைக்குப் போகும் வழி இங்கே அடைபட்டுக் கிடக்கிறது. நம் கடைகளில் வரிசையாக நிற்கும் பிராந்தியும் ரம்மும் பெரும்பாலும் ஒரே மொலாசஸ் ஸ்பிரிட்டின் வேறு வேறு நிறங்கள். குடிப்பதே கேடு என்னும்போது மணத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களின் கவலையை மதிக்கிறேன். மணம் உள்ள சரக்கு உடம்புக்கு நல்லது என்று எங்கும் நான் சொல்லவில்லை. சட்டப்படி விற்கிற பொருளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே கேட்கிறேன்.

பட்டியலின் முதலிடத்துக்கு அளவைச் சொல்லிவிடுகிறேன். பழைய முழுத் தென்னஞ்சாராயம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி, கருப்பட்டிப் பாகு 15 மில்லி. பம்பாய் உத்தரவின் அதே நான்குக்கு ஒன்று. மேலே சாதிக்காயை ஒரு முறை துருவினால் போதும். 17-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் பிரெஞ்சுப் பயணி பெர்னியர் கண்ட பஞ்சிலும் சாதிக்காய் உண்டு. இலங்கையில் விற்கும் பல தென்னஞ்சாராயங்கள் 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் சின்ன ஐஸில் நெடுநேரம் குலுக்கினால் தண்ணீராகிவிடும். பெரிய கட்டிகளில் சில நொடிகள் மட்டும் கலக்கி உடனே வடிகட்ட வேண்டும். கலப்படக் குப்பியை எடுத்து இதே அளவில் இதே மாதிரி செய்தால், சாதிக்காயும் கருப்பட்டியும் மணக்கும், அடியில் ஸ்பிரிட் சுடும், தென்னை எங்கேயும் இருக்காது.