காது இரைகிறதா? குச்சியைத் தேடாதீர்கள்!



இரவில் விளக்கை அணைத்துப் படுத்த பின், ஊரே அடங்கியிருக்கும்போது, உங்கள் காதுக்குள் மட்டும் சில்வண்டு கத்துகிறதா? காது அடைத்து, உங்கள் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா? இவை தனி நோய்களல்ல, வேறொன்றின் அறிகுறிகள். அது எதுவென்று அறிவதே பாதி வைத்தியம்.

முதலில் அடைப்பு. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் செல்கிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும். தடிமன் பிடித்தால் இக்குழாய் வீங்கி அடைபடும். உம்ரா சென்று வருவோருக்கு விமானம் இறங்கும்போது காது அடைப்பதும் இக்குழாய் உடனே திறக்காததால்தான். எச்சில் விழுங்குங்கள், எதையாவது மெல்லுங்கள். பலமாக மூக்கைச் சிந்தாதீர்கள். தடிமனால் வந்த அடைப்பு பெரும்பாலும் தடிமனோடு போய்விடும்.

சிறுபிள்ளைகளிடம் இக்குழாய் குட்டையானது. நடுக்காதில் நீர் எளிதில் தங்கிவிடும். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை, ஓதும்போது எழுத்துகளை மாற்றி உச்சரிக்கும் பிள்ளையை, "கவனமில்லாதவன்" என்று கண்டிக்குமுன் அவன் காதைச் சோதிக்கச் செய்யுங்கள்.

குறும்பியும் காதை அடைக்கும். அது தானாக வெளியே வரக்கூடியது. குச்சிதான் அதை உள்ளே தள்ளுகிறது. வுழூவின்போது விரல் நுனியால் தடவுவதே காதுக்குப் போதிய துப்புரவு. உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது கேடாய் முடியும்.

இனி இரைச்சல். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. அவை சிதைந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையும் பெருஞ்சத்தமும் அவற்றைச் சிதைக்கும். 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருப்பது ஆபத்து. பூவரசங்குளம் போன்ற நம் வன்னி ஊர்களில் அரிசி ஆலையிலும் உழவு இயந்திரத்திலும் உழைப்போர் காதை மூடிக்கொள்வது நல்லது. 2009இல் முடிந்த போரில் அருகே ஷெல் வெடித்த பின் காது இரையத் தொடங்கியவர்களும் ஒருமுறை செவிப்புலனைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மருந்துகளும் காரணமாகலாம். மலேரியாவுக்குக் கொடுக்கப்பட்ட குவினைன் காதை இரையச் செய்ததை மூத்தவர்கள் அறிவார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடானது. ஆயினும் அளவுக்கு மிஞ்சிய அஸ்பிரினும் சிலவகை நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகளும் இன்றும் இதைச் செய்யும். வைத்தியரிடம் சொல்லுங்கள், குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது முக்கியமான விடயம். ஒரு காது திடீரெனக் கேளாமல் போனால், "தடிமன்தானே" என்று காத்திராதீர்கள். முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் கேள்விப்புலன் மீள வாய்ப்புண்டு. வாரங்கள் கடந்தால் அவ்வாய்ப்பு மங்கிவிடும். அன்றே மன்னார் வீதியில் பஸ் ஏறி வவுனியா பொது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்த இரைச்சல், தலைச்சுற்று, சீழ் ஆகியவற்றையும் வைத்தியரிடம் காட்டத் தவறாதீர்கள்.

நெடுங்கால இரைச்சலை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆனால் அதன் தொல்லையைக் குறைக்கலாம். படுக்கும்போது மின்விசிறியோ வானொலியோ மெல்ல ஒலிக்கட்டும். கேள்வி குறைந்தவருக்குச் செவிப்புலன் கருவி இரைச்சலையும் தணிக்கும். வீட்டார் அதை வெறும் பிரமை என்று சிரிக்காமல், அவர் முகம் பார்த்து நிதானமாகப் பேசுவதும் ஒரு வைத்தியமே.