வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்: சர்க்கரை நோயும் பாதப் பராமரிப்பும்

 

காலில் முள் குத்தியிருக்கிறது, ஆனால் வலி இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதுதான் ஆபத்து. பல ஆண்டுகள் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகும். ரத்த ஓட்டமும் குறையும். அதனால் புண் வந்தது தெரியாது. வந்த புண் எளிதில் ஆறாது. சீழ் எலும்பு வரை போய்விட்டால் விரலையோ காலையோ எடுக்க நேரிடும்.

நமக்கு வடக்கே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1946இல் பணியில் சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளிடம் ஓர் உண்மையைக் கண்டார். அவர்களின் விரல்கள் தாமாக உதிரவில்லை. உணர்ச்சியற்ற கைகால்களில் கவனிக்காமல் விட்ட காயங்களே விரல்களை அழித்தன. சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இதே பாடம்தான். வலி சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு நாளும் ஒளுவில் காலைக் கழுவுகிறோம். அதையே பாதத்தைக் கவனிக்கும் நேரமாக்கிக்கொள்வோம்.

• கழுவியதும் விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். வெடிப்புள்ள குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் வேண்டாம்.

• இஷாவுக்குப் பின் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். கொப்புளம், சிவப்பு, வீக்கம், நிறமாற்றம் எதையும் விடாதீர்கள்.

• வெந்நீரில் காலை வைக்காதீர்கள். கால் ஆணியை பிளேடால் அறுக்காதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள்.

• வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்காதீர்கள். எம்.சி.ஆர். செருப்பு நல்லது. எந்தச் செருப்பையும் உதறிவிட்டு அணியுங்கள். கோடையில் பள்ளிவாசல் முற்றத்தின் சூடான தரையில் வெறுங்காலை வைக்காதீர்கள், கொப்புளித்தாலும் தெரியாது.

• புண் கண்டால் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் காத்திருக்க வேண்டாம். கட்டை நனைக்காமல் ஒளு செய்ய மார்க்கத்தில் சலுகை உண்டு, இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி மாத்திரை தருகிறார்கள். வரும் ஊழியரிடம் பாதத்தையும் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பீடி, சிகரெட் பழக்கத்தை விடுங்கள். அது ரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும்.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், இன்றிரவே அவர் பாதத்தைப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.